பத்தியமும் நோன்பும்

தசலட்சணப் பர்வத்தின் பத்து நாட்களும் ஒடுங்கிய உணவோடு கழிந்த பின்னர், நம் இல்லங்களில் அடுப்புக்கு ஓய்வு கிடைப்பதில்லை. சரசுவதி பூசைச் சுண்டல், தீபாவளிப் பலகாரம், கார்த்திகைப் பொரியுருண்டை, பொங்கல் என்று தை மாதம் வரை பண்டிகைகள் வரிசையாக வருகின்றன. முன்பெல்லாம் சமையலறைச் சுவரில் பஞ்சாங்கம் மட்டுமே தொங்கும். இப்போது அதன் பக்கத்தில் மருத்துவர் எழுதிக் கொடுத்த உணவுப் பட்டியலும் தொங்குகிறது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்த பிறகே வாணலி அடுப்பில் ஏறுகிறது.

இதை நாம் குறைகூறப் புகவில்லை. எழுபதைக் கடந்த நாமும் காலையில் மாத்திரை விழுங்குபவரே. ஆனால் அண்மைக் காலமாக நம் சமூகத்தாரிடையே ஒரு பேச்சு பரவி வருகிறது. “சர்க்கரையை விட்டு ஓராண்டாயிற்று, அதுவே எனக்கு விரதம்” என்கிறார் ஒருவர். “சூரியன் மறையுமுன் உண்டு முடிப்பது நல்லதென்று மேனாட்டாரும் இப்போது சொல்கின்றனர், ஆகவே நம் ஆகமம் கூறியது விஞ்ஞானமே” என்கிறார் இளைஞர் ஒருவர். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. பேரன் பேத்தியர் அக்காரணத்தினாலேனும் இராவுணவைத் தவிர்ப்பாராயின் மகிழ்ச்சியே. எனினும், நோய்க்கு அஞ்சி உண்ணாதிருப்பதும் நோன்பும் ஒன்றுதானா? ஒன்றெனில், மருத்துவமனைகள் தோறும் தவசிகள் நிறைந்திருக்க வேண்டுமே!

நோயின் அச்சம் வெறும் அச்சமன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. தமிழ்நாட்டில் வயது வந்தோர் 100 பேரில் 14 பேருக்கு மேல் அந்நோய் உடையவர். உணவில் கூடுதலாகச் சேர்க்கும் சர்க்கரை, இயன்றால் நாளொன்றுக்குச் சுமார் 25 கிராமுக்குள் அடங்குவது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் கூறிய அறிவுரை. மைசூர்ப்பாகு கிளறத் தெரிந்தவர்க்கு அதன் பொருள் விளங்கும். ஒரு பங்கு கடலைமாவுக்கு இரண்டு பங்கு சர்க்கரை. நெய்யும் அதற்குக் குறைவதில்லை. இரண்டு துண்டுகளிலேயே அந்நாளைய கணக்குத் தீர்ந்துவிடும். வெள்ளைச் சர்க்கரைக்கு மாற்றாக வெல்லமோ கருப்பட்டியோ இட்டுவிட்டால் எவ்வளவும் உண்ணலாம் என்று மனத்தைத் தேற்றிக்கொள்வோரும் உளர். இரத்தத்தில் கலந்த பிறகு அவற்றிடையே பெரிய வேற்றுமை இல்லை என்பதை அவர்களுக்குப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறோம்.

நம் முன்னோர் இவ்வகையில் மனித இயல்பை நன்கு அறிந்திருந்தனர் போலும். தீபாவளிப் பலகாரங்களோடு லேகியத்தையும் சேர்த்தே கிளறி வைத்தனர். சுக்கும் மிளகும் ஓமமும் வறுத்துப் பொடித்து, நம் இல்லங்களில் தேனை விலக்கி, வெல்லமும் நெய்யும் இட்டுச் செய்யும் அந்த லேகியத்தை எண்ணும்போது சிரிப்பு வருகிறது. அளவு மீறப் போகிறோம் என்பதை முதல் நாளே ஒப்புக்கொண்டு, மருந்தையும் விருந்தின் ஓர் உறுப்பாக்கிவிட்டனர். அதில் ஒரு நேர்மை இருக்கிறது. மருந்தை மருந்தென்றே அழைத்தனர்; அதை விரதமென்று சொல்லிக்கொள்ளவில்லை.

திருக்குறளின் வைப்புமுறை இங்கே நமக்கு ஒளி தருகிறது. அளவறிந்து, முன்னுண்டது செரித்த பின் உண்ண வேண்டும் என்பதை விரிக்கும் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை வள்ளுவர் பொருட்பாலில் வைத்தார். பிறிதோர் உயிரின் ஊனை உண்ணலாகாது என்னும் ‘புலான் மறுத்தல்’ அதிகாரத்தையோ அறத்துப்பாலில், அதுவும் துறவறவியலில் வைத்தார். வகுப்பில் குறளை நடத்திய நாட்களில் இவ்வேற்றுமையை மாணவியரிடம் சுட்டிக்காட்டுவது நம் வழக்கம். இரண்டும் உணவைப் பற்றியவைதாம். இரண்டும் ‘இதை உண்ணாதே’ என்றுதான் கூறுகின்றன. ஆயினும் ஒன்று உண்பவனின் நலத்தைக் காக்கிறது. மற்றொன்று உண்ணப்படும் உயிரைக் காக்கிறது. முன்னதை நாம் பத்தியம் என்கிறோம். அது அறிவுடைமை, வீடு, நிலம், சேமிப்பு ஆகியவற்றைக் காப்பது போல உடலாகிய உடைமையைக் காப்பது. அதை அறமென்று அழைக்க வேண்டுமாயின் இன்னும் ஏதோ ஒன்று அதனுடன் சேர வேண்டும்.

நம் சமயம் கூறும் புறத்தவங்கள் ஆறனுள் முதல் நான்கும் உணவைப் பற்றியவையே. உண்ணாதிருத்தலாகிய அனசனம் முதலாவது. வயிறு நிறையுமுன் எழுந்துவிடும் அவமோதரியம் இரண்டாவது. பட்டினியைக் காட்டிலும் இதுவே கடினம் என்பது நம் அனுபவம். தட்டில் ஒன்றும் இல்லாதபோது மனம் அடங்கிவிடும். பாதி உண்ட பின் எழுவதற்கே மனம் இசையாது. நான்காவதாகிய இரச பரித்தியாகம் பால், தயிர், நெய், எண்ணெய், இனிப்பு, உப்பு என்னும் ஆறு சுவைப் பொருள்களுள் சிலவற்றையோ எல்லாவற்றையுமோ விடுவது. நெய், எண்ணெய், இனிப்பு, உப்பு: மருத்துவரின் பட்டியலில் சிவப்பு மையால் அடிக்கோடிட்ட நான்கும் இதில் இருக்கின்றன. இவ்வொற்றுமையைக் கண்டே இளைஞர்கள் வியக்கின்றனர். அவ்வொற்றுமையிலேதான் மயக்கமும் பிறக்கிறது.

சர்க்கரை சேர்க்காத இனிப்புகள் கடைகளில் வந்துவிட்டன. சர்க்கரைக்குப் பதிலாக வேறோர் இனிப்பூட்டி கலந்த பால்கோவாவை ஒருவர் தட்டு நிறைய வைத்து உண்கிறார் என்று கொள்வோம். உணவுப் பட்டியலின்படி அவர் பெரிதாகத் தவறவில்லை. இரச பரித்தியாகம் செய்தவராவாரா? நாவின் வேட்கை ஓர் எள்ளளவும் குறையவில்லையே. உடல் எடையைக் கட்டுப்படுத்த இத்தகைய இனிப்பூட்டிகளை நம்ப வேண்டா என்று உலக சுகாதார நிறுவனமும் 2023இல் கூறியது. அது வேறு செய்தி. பத்தியம் காலவரையறை உடையது. ஆய்வுக்கூடத்துச் சீட்டில் எண் இறங்கினால் அன்று மாலையே லட்டு தட்டில் ஏறிவிடும். நோன்போ எண்ணைப் பார்ப்பதில்லை.

இவ்வாறு கூறுவதனால் உடலைப் பேணுதல் இழிவென்று நாம் கருதுவதாக எவரும் கொள்ளலாகாது. கணிமேதாவியார் என்னும் சமணப் புலவர் தாம் இயற்றிய அறநூலுக்கு ‘ஏலாதி’ என்று ஒரு மருந்தின் பெயரையே சூட்டினார். ஏலம் ஒரு பங்கு, இலவங்கம் இரண்டு, சிறுநாவற்பூ மூன்று, மிளகு நான்கு, திப்பிலி ஐந்து, சுக்கு ஆறு பங்கு சேர்ந்தது அம்மருந்து. உடலுக்கு அச்சூரணம் எப்படியோ, உயிருக்கு அந்நூலின் ஒவ்வொரு பாட்டும் கூறும் ஆறு கருத்துகள் அப்படி. மருந்தையும் அறத்தையும் பகைப் பொருள்களாக அவர் கருதவில்லை. பங்கில் மிகச் சிறிதான ஏலம் அம்மருந்துக்குப் பெயர் தந்ததும் எண்ணத் தக்கது. பண்டிகைப் பலகாரத்திலும் அப்படித்தான். ஒரு படிப் பாயசத்துக்கு நான்கு காய் ஏலம் போதும்; ஆனால் அது இல்லையென்றால் ‘மணமே இல்லையே’ என்று இலையில் அமர்ந்தவர் முகம் சுளிப்பர்.

பணிக்காலத்தின் பெரும்பகுதியைப் போடிநாயக்கனூரில் கழித்து அங்கேயே தங்கிவிட்ட நமக்கு, ஏலம் என்பது பாயசத்தில் மிதக்கும் பொருள் மட்டுமன்று. ஊருக்கு மேற்கே ஏலமலை நிற்கிறது. நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் இங்கே இருக்கிறது. கிடங்குகள் உள்ள தெருவில் நடந்தாலே ஆடையில் மணம் ஏறிவிடும். மலையில் ஆடி, ஆவணியில் தொடங்கும் காய் பறிப்பு தை வரை நீள்கிறது. நம் பண்டிகைக் காலமும் அவர்களின் அறுவடைக் காலமும் ஒன்றே. போடி, தேவாரம், கோம்பை, கம்பம் பகுதிப் பெண்கள் விடியுமுன் சோற்றுப் பாத்திரத்தோடு ஜீப்பில் நெருக்கியமர்ந்து, போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் ஏறி, மாலையில் இறங்குகின்றனர். ஏலக்காய் கைக்கெட்டும் கிளையில் காய்ப்பதன்று. செடியின் அடியிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரங்களில் காய்ப்பது. ஈர மண்ணில் குனிந்தும் குந்தியும், விளைந்த காயை மட்டும் தேர்ந்து கிள்ள வேண்டும். ஐந்து கிலோ பச்சைக் காய் ‘ஸ்டோர்’ எனப்படும் உலர்த்தும் கூடத்தில் வெந்து காய்ந்தால் ஒரு கிலோ கிடைக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளிக்கு மறுநாள் நாமறிந்த ஓர் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். அவ்வில்லத்துத் தலைவருக்கும் தலைவிக்கும் நீரிழிவு. வணிகத் தொடர்புடையோர் அனுப்பிய இனிப்புப் பெட்டிகள் ஏழெட்டு, கட்டுப் பிரிக்காமல் மேசைமீது இருந்தன. அங்கே பாத்திரம் துலக்க வருபவர் ஒரு நடுவயதுப் பெண்மணி. காய் எடுக்கும் பருவத்தில் மலைக்குச் செல்பவர். தலைவி நான்கு பெட்டிகளை எடுத்து, “எங்களுக்கு ஆகாது, நீ கொண்டு போம்மா” என்று நீட்டினார். அப்பெண்மணி சிரித்தார். “எனக்கும் சுகர் இருக்குங்கம்மா. ரெண்டு வருசமா மாத்திரை போடுறேன், வீட்டுக்கே வந்து குடுத்துட்டுப் போறாங்க. எங்க வீட்டுக்காரருக்கும் இருக்கு. பேரப்பிள்ளைக்கு ஒரு பெட்டி போதும்” என்று கூறி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். வீடு தேடி மாத்திரை வருவது 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தினால். எட்டு ஆண்டுகள் தம் இல்லத்தில் பணிபுரிந்த ஒருவருக்கு நீரிழிவு உண்டென்பதை அத்தலைவி அன்றுதான் அறிந்தார். நல்லவர், முகம் வாடிவிட்டது.

அத்தலைவியைப் பழிப்பது நம் நோக்கமன்று. இது வீடுதோறும் நடப்பது. ஆனால் எண்ணிப் பார்த்தால், நாம் விட்ட சர்க்கரை எங்கும் போய்விடவில்லை. மேசையிலிருந்து இறங்கி, மருத்துவரைக் காண ஒரு நாள் கூலியை இழக்க வேண்டிய மற்றோர் உடலைத் தேடிச் செல்கிறது. அதை நாம் தானம் என்கிறோம்! ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நால்வகை என்று சிறுவயது முதல் கேட்டு வருகிறோம். எனக்கு நஞ்சென்று விலக்கியதைப் பிறர்க்கு அளிப்பது இவற்றுள் எதில் சேரும்?

போடியிலிருந்து தேவாரம், கோம்பை வழியே சென்றால் வரும் உத்தமபாளையத்தில், கருப்பணசாமி கோயிலை அடுத்த பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருப்பதை அன்பர்கள் பலர் தரிசித்திருக்கலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. அங்குள்ள வட்டெழுத்துகளில் அச்சணந்தி முனிவரின் பெயரும் காணப்படுகிறது. இம்மலைகளின் அடிவாரத்தில் உலவிய அத்தகைய திகம்பர முனிவர்கள் நாளுக்கு ஒரு வேளை, நின்றபடி, கையிலேயே உணவை ஏற்பவர்கள். அவர்களுக்கென்று தனியே சமைத்ததை அவர்கள் ஏற்பதில்லை; இல்லறத்தார் தமக்கென ஆக்கிய தூய உணவிலிருந்து ஒரு பகுதியை அளிக்க வேண்டும் என்பது விதி. ஆகார தானத்தின் இலக்கணம் இதில் அடங்கியிருப்பதாக நாம் கருதுகிறோம். தான் உண்பதிலிருந்து பகிர வேண்டும். தனக்கு ஆகாததை ஒதுக்கித் தள்ளுவது பகிர்வாகாது.

அவ்வாறாயின் உழைப்பவர்க்கு இனிப்பே கொடுக்கலாகாதா என்று ஒரு சகோதரி நம்மிடம் வினவினார். நியாயமான வினா. பிறர்க்கு எது நல்லது என்பதை நாமே முடிவு செய்து, அவர் வீட்டுக் குழந்தையின் தீபாவளியைக் கசப்பாக்குவதும் ஒருவகை ஆணவமே. நம் இலையில் இட்ட அதே பலகாரம், அதே அளவில் அவர் வீட்டுக்கும் போகட்டும். அதற்கு மேல் கொடுக்க மனமிருந்தால் பணமாகவோ துணியாகவோ கொடுத்துவிடலாம். வேண்டியதை அவரே வாங்கிக்கொள்வார். மேசைமீது குவியும் பெட்டிகளைப் பொறுத்தவரை, அனுப்புவோரிடம் வேண்டா என்று முன்னதாகக் கூறிவிடுவதே நேரிய வழி. அதற்குத்தான் நாம் கூசுகிறோம். சர்க்கரையை விடுவது எளிதாகிவிட்டது. மரியாதைக்காகப் பெற்று மரியாதைக்காக அனுப்பும் பழக்கத்தை விடுவது எளிதாக இல்லை.

இதே கணக்கு ஏலக்காயிலும் வருகிறது. சபரிமலை அரவணைப் பாயசத்தில் இட்ட ஏலக்காயில் 14 வகைப் பூச்சிக்கொல்லிகளின் எச்சம் வரம்பை மீறி இருப்பதாக ஆய்வறிக்கை வந்ததையடுத்து, கேரள உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் அதன் விற்பனையை நிறுத்தியது. ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் தேங்கி நின்றன. பாயசத்தில் ஏலத்தின் பங்கு மிகச் சிறிது என்ற வாதமும் எழுந்தது. 2024இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிவிட்டது. வழக்கின் நுணுக்கம் நமக்கு வேண்டா. அந்நாளில் நாளிதழ்களிலும் வீடுகளிலும் எழுந்த கேள்வி ஒன்றே: உண்பவருக்குத் தீங்கு வருமா? மருந்து தெளித்தவர் மூச்சில் எவ்வளவு சென்றது என்று நாம் கண்ட பேச்சில் எவரும் கேட்கவில்லை. தெளித்த செடியினடியில் குந்திக் காய் கிள்ளியவரைப் பற்றியும் கேட்கவில்லை. மடிந்த சிற்றுயிர்களைப் பற்றி, அஹிம்சையைப் பரமதருமம் என்னும் நம் இல்லங்களில்கூடப் பேச்சில்லை. பூச்சிக்கொல்லியை இம்மக்கள் ‘மருந்து’ என்றே வழங்குகின்றனர். ‘இன்று மருந்தடிக்கிறார்கள், பறிப்பு இல்லை’ என்பது இங்கே அன்றாடப் பேச்சு.

தோட்டக்காரரைக் கடிந்துகொள்ள நமக்குத் தகுதியில்லை. இல்லறத்தார்க்கு எண்ணிச் செய்யும் கொலை அறவே ஆகாது, இல்லப் பணியிலும் தொழிலிலும் தற்காப்பிலும் நேர்வதை இயன்றவரை குறைக்க வேண்டும் என்பது நம் நூல்களின் முடிபு. கொல்லவே தெளிப்பது இவற்றுள் எதில் அடங்கும் என்பதைக் கற்றோர் ஆராயட்டும். தண்டைத் துளைக்கும் புழுவும், பூவிலும் பிஞ்சிலும் சாறு உறிஞ்சும் இலைப்பேனும் விட்டுவைத்தால், சிறு தோட்டக்காரர் வட்டி கட்ட வழியிருக்காது. சரம் காய்த்தால்தான் அவர் வீட்டில் அடுப்பெரியும். ஆனால் இதில் வாங்குபவராகிய நம் பங்கு ஒன்று உண்டு. இலைப்பேன் தாக்கிய காயின் தோலில் சொறிபோல் தழும்பு விழுகிறது. விளைச்சல் குறைவது ஒருபுறம் இருக்க, தழும்பு விழுந்த காய்க்கு விலையும் குறைவு. எட்டு மில்லிமீட்டர் பருமனும், மாசற்ற பச்சை நிறமும், ஒரே அளவும் உள்ள காய்க்கே ஏலத்தில் போட்டி. கண்ணுக்கு அழகான அந்தக் காயைக் கேட்டு வாங்கி, வீட்டுக்கு வந்ததும் என்ன செய்கிறோம்? தோலை நீக்கி, விதையைச் சர்க்கரையோடு இடித்துப் பொடியாக்கிப் பாயசத்தில் தூவிவிடுகிறோம். தழும்பும் நிறமும் உரலுக்குத் தெரியாது.

நாவின் ஆசையைக் குறைப்பதைப் பற்றியே பேசி வந்தோம். இது கண்ணின் ஆசை. இதை விடுவதனால் நம் இரத்தச் சர்க்கரை ஒரு புள்ளிகூட இறங்காது. மருத்துவர் பாராட்டமாட்டார். நமக்கு ஓர் ஆதாயமும் இல்லாத இந்தச் சிறு விடுகையில்தான், பத்தியத்தில் இல்லாத ஒன்று நோன்பில் இருப்பதை நாம் காண்கிறோம். பிறருடைய உடல் அங்கே நம் கணக்கில் வந்துவிடுகிறது. அதற்காகப் பத்தியத்தைக் கைவிட வேண்டுமென்பதில்லை. இருபத்தைந்து கிராம் கணக்கு ஒருபுறம் இருக்கட்டும்; மாத்திரையும் வேளை தவறாமல் இருக்கட்டும்.

தீபாவளி, வர்த்தமான மகாவீரர் பாவாபுரியில் வீடுபேறு எய்திய நாள். உடலை முற்றத் துறந்த ஒருவரின் நினைவை நாம் உடலை நன்றாக நிரப்பிக் கொண்டாடுகிறோம் என்று துறவியர் நகைக்கக்கூடும். குழந்தைகள் உள்ள வீட்டில் விளக்கு மட்டும் ஏற்றிவிட்டு அமர முடியாது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கும். இவ்வாண்டு ஒரே ஒரு இனிப்பு என்று நம் இல்லத்தில் முடிவாகியிருக்கிறது. என்ன இனிப்பு என்பதில் மருமகளுக்கும் பேத்திக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. போடியில் தழும்புக் காயும் பொடிக்காயும் கேட்டால் கடைக்காரர் உள்ளே சென்று வேறு மூட்டையிலிருந்து அள்ளிக் கொடுப்பார். விலை குறைவுதான். மணம் சற்று மட்டாக இருக்கும். பாயசத்துக்கு இரண்டு காய் கூடுதலாகத் தட்டிப் போட வேண்டும்.